வாக்குப் பெட்டிக்கு வெளியே

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. நகர மையத்துக்குள் ட்ராம் போகாது என்று ஒலிபெருக்கியில் சொல்லி எங்களை இடைவழியிலேயே இறக்கிவிட்டார்கள். பேர்ணில் ஒரு வயோதிபர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று சுவிஸ் முழுவதும் பெண்கள் வேலைநிறுத்தம். இல்லத்தின் அறிவித்தல் பலகையில் பல வாரங்களாக அதற்கான தாள் தொங்கியது. ஆனால் படுக்கையில் கிடப்பவர்களைக் கழுவித் துடைத்து, உடை மாற்றி, உணவூட்டும் வேலையை எப்படி நிறுத்துவது? எங்கள் பிரிவில் யாரும் நிறுத்தவில்லை. விரும்பியவர்கள் மணிக்கட்டில் ஊதாப் பட்டி கட்டிக்கொண்டு வேலை செய்தோம்.

இறங்கி நடந்தால் தெரு முழுவதும் அதே ஊதா. தாதியர் சீருடையோடு வந்திருந்தார்கள். விவசாயப் பெண்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு இளம் தாய்மார், பாடசாலைப் பிள்ளைகள், ஊன்றுகோல் பிடித்த கிழவிகள். சிலருடைய கையில் சட்டியும் அகப்பையும். பிற்பகல் மூன்று மணி இருபத்துநான்கு நிமிடமானதும் எல்லாச் சட்டிகளும் ஒன்றாக ஒலித்தன. விசில் சத்தம் காதைத் துளைத்தது. ஆண்களின் சராசரிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், அந்த நிமிடத்துக்குப் பிறகு ஒரு பெண் செய்யும் வேலை சம்பளம் இல்லாத வேலை என்பது வேலைநிறுத்தக்காரர்களின் கணக்கு. அந்த நேரத்தில் வேலைத்தலத்தை விட்டு வெளியே வரும்படி நாடெங்கும் அழைப்பு விடுத்திருந்தார்கள். 85 இலட்சம் பேர் வாழும் நாட்டில் அன்று ஐந்து இலட்சம் பேர் தெருவில் நின்றதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நாடாளுமன்றத்தின் தேசிய சபைகூட 15 நிமிடம் அமர்வை நிறுத்திவைத்தது.

ஊர்வலம் எனக்குப் புதிதல்ல. 1984இல் இலங்கையின் வடக்கில் இராணுவம் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது அன்னையர் முன்னணிப் பெண்கள் யாழ்ப்பாணத் தெருவில் இறங்கியதைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் முகத்தில் இருந்த பயத்தைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவிசுக்கு வந்தபிறகு ஜெனீவாவில், ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே எங்கள் ஆட்கள் முருகதாசன் திடல் என்று அழைக்கும் இடத்தில், பலமுறை நின்றிருக்கிறேன். அங்கே பயம் இல்லை, துக்கம் இருந்தது. பேர்ணில் அன்று கண்ட கூட்டத்தில் இரண்டையும் காணவில்லை. கோபமும் கொண்டாட்டமும் ஒரே முகத்தில் இருந்தன. பெண்கள் கூடி அப்படி உரத்துச் சிரித்தபடி உரிமை கேட்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகவேண்டியவள் அவர்களோடு நாடாளுமன்றச் சதுக்கம் வரைக்கும் போனேன்.

அன்றிரவு தொலைபேசியில் ஒரு சொந்தக்காரர் கேட்டார்: "இவையளுக்கு இஞ்ச என்ன குறை? எல்லாம் இருக்குத்தானே. வேலை இருக்கு, காசு இருக்கு, சட்டம் இருக்கு. பிறகென்னத்துக்கு ரோட்டிலை நிக்கினம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்த நாடு எல்லாம் முடிந்த நாடாகத்தான் தெரியும். நேரத்துக்கு ரயில் வருகிறது, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, பொலிஸ்காரன் வாசலில் நின்றால் நெஞ்சு படபடப்பதில்லை. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி எங்களுக்குள் இயல்பாக வரும். எனக்கும் பல காலம் அந்த எண்ணம்தான். அதை மாற்றியது நான் பராமரிக்கும் ஒரு மூதாட்டி.

தொண்ணூறை நெருங்கியவர். எமென்டால் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பேர்ணில் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தவர். மறுநாள் காலை குளிப்பாட்டும்போது ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டார், தொலைக்காட்சியில் பார்த்தாராம். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து 1959ஆம் ஆண்டுக் கதையைத் தொடங்கினார்.

அந்த வருடம் பெப்ரவரி 1ஆம் திகதி, பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று சுவிஸ் ஆண்களிடம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. மூதாட்டியின் கணவர் காலையில் நல்ல மேற்சட்டை போட்டுக்கொண்டு வாக்குப்போடப் போனார். இவர் மதியச் சாப்பாடு சமைத்தார். திரும்பிவந்தவர் மேசையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்துவிட்டுக் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். எப்படி வாக்களித்தார் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாக்களித்த ஆண்களில் 66.9 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, 1971 பெப்ரவரி 7ஆம் திகதி, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்கள். அதே மேற்சட்டை, அதே சூப். இந்தமுறை 65.7 சதவீதம் 'ஆம்'. கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் பெட்டிக்குள் என்ன போட்டார் என்பது இன்றுவரை தனக்குத் தெரியாது என்றார் மூதாட்டி. "நல்ல மனிசன்தான்," என்றும் சொன்னார்.

இந்தக் கதையை என்னால் கடந்துபோக முடியவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே கட்டிலில் படுத்தவர், தன்னை முழு மனுசியாக எண்ணினாரா இல்லையா என்பது தெரியாமலே ஒருத்தி கிழவியாகியிருக்கிறாள்.

சுவிஸ் ஏன் இவ்வளவு பிந்தியது என்பதற்கு மலைநாட்டுப் பழமை, தேவாலயம் என்று பல காரணங்களைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படும் காரணம் ஒன்றுதான். இங்கே அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றுவதற்கும் வாக்காளர்களிடம் போகவேண்டும். பெரும்பாலான நாடுகளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் காரியம் முடிந்தது. இங்கே சமையலறை மேசைகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கவேண்டியிருந்தது. உரிமையை வைத்திருப்பவரே அதைப் பங்கிடுவதா வேண்டாமா என்று தீர்மானித்தார். மக்களின் நேரடி ஆட்சி என்று உலகம் புகழும் அதே ஏற்பாடுதான் பாதி மக்களை வெளியே நிறுத்தவும் உதவியது.

பேர்ண் இந்தக் காத்திருப்பை நன்றாக அறிந்த நகரம். 1928இல் பெண்களின் உழைப்பைக் காட்டும் சாஃபா கண்காட்சி இங்கே நடந்தபோது, ஊர்வலத்தில் பெரிய நத்தை உருவம் ஒன்றை இழுத்துக்கொண்டு போனார்கள். வாக்குரிமை நகரும் வேகம் அதுதான் என்று காட்டுவதற்காக. அந்தப் பெண்கள் நம்பியதைவிட நத்தை மெதுவாகவே நகர்ந்தது. 1958இல் பெண்ணின் நிலையைப் பற்றி ஈரிஸ் ஃபொன் ரோட்டன் எழுதிய தடித்த புத்தகம் வெளிவந்தது. வேலை, தாய்மை, வீட்டுவேலை, உடலுறவு என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். அடுத்த வருடம் பாசல் திருவிழா ஊர்வலத்தில் அவரைக் கேலிப்பொருளாக்கினார்கள். பெண்கள் அமைப்புகளுக்குள்ளேயே பலர், இவரால்தான் வாக்கெடுப்பில் தோற்றோம் என்று பழிபோட்டார்கள். வாக்கெடுப்பு தோற்று இரண்டாம் நாள், பாசலில் ஒரு பெண்கள் உயர்பாடசாலை ஆசிரியைகள் வகுப்புக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1969 மார்ச் 1ஆம் திகதி எமிலி லீபர்ஹெர் தலைமையில் சுமார் 5,000 பேர் இதே நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தராமலே ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தில், அந்த விடயத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டுக் கையெழுத்திடலாமென்று அரசாங்கம் நினைத்திருந்தது. அதற்கு எதிராக அன்று ஊதிய விசில்தான் 1971ஐ விரைவுபடுத்தியது என்று நம்புகிறேன்.

1971க்குப் பிறகும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கணவனே குடும்பத் தலைவன், அவன் சம்மதமில்லாமல் மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்ற பழைய திருமணச் சட்டம் 1987 இறுதி வரைக்கும் இருந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் அகதிகளாக வந்து பேர்ண் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கிவிட்ட காலம் அது. அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தில் 1990 ஏப்ரலில்கூட, திறந்தவெளிச் சபையில் கூடிய ஆண்கள் கையுயர்த்திப் பெண்களுக்கு மாநில மட்டத்தில் வாக்குரிமையை மறுத்தார்கள். அதே வருடம் நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கே பெண்களுக்கு வழி திறந்தது. ஈரிஸ் ஃபொன் ரோட்டன் இறந்ததும் அந்த 1990இல்தான்.

அதற்கடுத்த வருடம் முதலாவது பெண்கள் வேலைநிறுத்தம். சமத்துவம் அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1981 ஜூன் 14. எழுதிப் பத்து வருடமாகியும் சம்பளத்தில் அது தெரியவில்லை. ஜூ பள்ளத்தாக்கில் கைக்கடிகாரப் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளிப் பெண்கள் சிலர், தங்களைவிட ஆண்கள் கூடச் சம்பளம் வாங்குவதைப் பொறுக்கமுடியாமல் தொழிற்சங்கத் தலைவி கிறிஸ்தியான் புருன்னரிடம் போனார்கள். வேலைநிறுத்தம் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. முதலாளிகளும் சங்கங்களும் 1937இல் செய்துகொண்ட சமாதான உடன்பாட்டின் நிழலில், வேலைநிறுத்தம் என்பதே கூச்சப்படவேண்டிய காரியமாக ஆகிவிட்டிருந்த நாடு இது. அந்த நாட்டில், பத்தாண்டு நிறைவு நாளான 1991 ஜூன் 14இல் சுமார் ஐந்து இலட்சம் பெண்கள் பங்கெடுத்தார்கள். வேலையை விட்டு வரமுடியாதவர்கள் ஜன்னலில் துடைப்பத்தைத் தொங்கவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1993 மார்ச் 3ஆம் திகதி, அமைச்சரவைக்குக் கட்சி முன்மொழிந்த அதே புருன்னரை விட்டுவிட்டு நாடாளுமன்றம் ஓர் ஆணைத் தெரிவுசெய்தது. கோபத்தோடு சதுக்கத்துக்கு வந்த பெண்கள் ஒரு வாரம் ஓயவில்லை. தெரிவானவர் பதவியை மறுத்தார். மார்ச் 10ஆம் திகதி ரூத் டிரைஃபுஸ் தெரிவானார். 1999இல் நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியும் அவரே. நான் 2019இல் நின்றது அந்தச் சதுக்கத்தில். பக்கத்தில் நின்ற நரைத்த பெண் 1993இலும் அதே மூலையில்தான் நின்றதாகச் சொன்னார். அவருடைய பெருமையைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

பொறாமைக்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் நான் வாக்குரிமை இல்லாதவள்.

1957இல் வாலிஸ் மாநிலத்தின் ஊன்டர்பேஹ் என்ற மலைக்கிராமத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மூதாட்டிதான் முதலில் சொன்னார். பிறகு தேடி வாசித்தேன். அந்த மார்ச் மாதம் நாடளாவிய வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. சிவில் பாதுகாப்புச் சேவையைப் பெண்களுக்கும் கட்டாயமாக்குவதா என்பதும் அதற்குள் அடங்கியிருந்தது. அதாவது பெண்களைச் சேவைக்கு அழைப்பதா என்று ஆண்கள் தீர்மானிக்கப்போகிறார்கள். எங்களைப் பற்றிய விடயத்தில் எங்களுக்கும் வாய் உண்டு என்றார்கள் அந்தக் கிராமத்துப் பெண்கள். ஊராட்சியும் துணிந்து அனுமதித்தது. 33 பெண்கள் வாக்குப்போட்டார்கள். முதலில் போட்டவர் கத்தரினா ஸென்ஹாய்சர்ன். அவர்களுடைய சீட்டுகள் வேறொரு பெட்டியில் விழுந்தன. அந்தப் பெட்டியின் வாக்குகளைக் கூட்டாட்சி கணக்கில் எடுக்கவில்லை.

அந்த வேறு பெட்டி இன்னமும் இருக்கிறது. சுவிசில் வாழ்பவர்களில் நாலில் ஒருவர் வெளிநாட்டவர். நொய்சாத்தல், யூரா போன்ற ஒருசில மாநிலங்களை விட்டால் எங்களுக்கு எந்த மட்டத்திலும் வாக்கு இல்லை. நாடளாவிய வாக்கெடுப்பில் எங்கேயும் இல்லை. ஆனால் வாக்கெடுப்புகள் எங்களைப் பற்றியவை. 2010இல் குற்றம் செய்த வெளிநாட்டவரை வெளியேற்றுவது பற்றி. 2014 பெப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்துவது பற்றி, 50.3 சதவீதத்தினரின் 'ஆம்' அதைத் தீர்மானித்தது. அந்த வாரங்களில் ரயில் நிலையங்களில் ஒட்டிய சுவரொட்டிகளுக்குக் கீழே நின்றுதான் நாங்கள் வேலைக்கு ரயில் ஏறினோம். 2021 மார்ச் 7ஆம் திகதி முகத்தை மூடும் உடைக்குத் தடை, 51.2 சதவீதம் 'ஆம்'. எனக்கு அந்த உடையில் விருப்பம் இல்லை. ஆனாலும் ஒரு பெண் எதை உடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் நாளில், அதை உடுப்பவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்திருக்கும் என்று யோசித்தேன். அடுத்த நாள் சர்வதேசப் பெண்கள் தினம்.

பிரஜாவுரிமை எடுத்தால் தீர்ந்தது என்று சொல்வார்கள். பத்து வருட வதிவிடம், நிரந்தர அனுமதி, மொழிப் பரீட்சை எல்லாம் சரி. பேர்ண் மாநிலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சமூக உதவிப்பணம் எடுத்தவர்கள், முந்திய பத்து வருடங்களில் எடுத்ததைத் திருப்பிக் கட்டியிருக்கவேண்டும். 2013இல் இதற்கு வழிவகுத்தவர்களும் வாக்காளர்கள்தான். என் கணவர் நோயில் விழுந்த காலத்தில் அந்த உதவியில்தான் எங்கள் வீடு ஓடியது. அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஊர்வலத்தில் நின்ற பெண்களோடு கத்த எனக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தக் கத்தல் வாக்குச்சீட்டாக மாறுகிற இடத்தில் மட்டும் நான் 1957க்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

மூதாட்டியிடம் ஒருநாள், என் அம்மம்மாவுக்கு 1931இலேயே வாக்குரிமை இருந்தது என்றேன். தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். எந்த நாட்டில் என்று மறுபடியும் கேட்டார். இலங்கையில் என்றேன். "நாற்பது வருடம்," என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவருக்கு முழுக்கதையையும் சொல்ல என் ஜேர்மன் மொழி போதவில்லை. அது பெருமை பேசி முடிக்கக்கூடிய கதையும் இல்லை. இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் கொழும்புக்கு வந்தபோது அக்னஸ் டி சில்வா போன்ற பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துச் சாட்சியம் சொன்னார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்று அக்னஸிடம் வினவினார்களாம். அவர்களும் பெண்கள்தானே என்று அவர் தயங்காமல் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கொழும்பின் வசதியான வரவேற்பறையிலிருந்து வந்த ஒரு பெண், கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணை விட்டுவிட்டு உள்ளே போக மறுத்தாள். இந்தப் பதிலைவிடப் பெரிய பேச்சை எந்த ஊர்வல மேடையிலும் நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படி இருக்கவில்லை. சேர் பொன். இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டியவர். அதே மனிதர் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். படித்த மகளை விரும்பியவர்களுக்கு வாக்குப்போடும் கூலிப் பெண்ணைப் பொறுக்கமுடியவில்லை. 1931 தேர்தலில் 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்கு வந்தது. ஆனால் டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால், குடாநாட்டில் அந்தத் தேர்தலே நடக்கவில்லை. 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதற்குள் 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகியிருந்தார். அம்மம்மா தன் முதல் வாக்கை எப்போது போட்டாரென்று வீட்டில் யாரும் குறித்துவைக்கவில்லை. அம்மப்பா சொன்ன ஆளுக்குப் போட்டதாக அம்மா சொல்லுவார்.

பிறகு நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் தேர்தல் சட்டத் திருத்தம். ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் நாடற்றவராகி, வாக்காளர் இடாப்பிலிருந்து காணாமல்போனார்கள். 1931இலிருந்து வாக்குப்போட்ட தோட்டத்துப் பெண், சுவிஸ் பெண்ணைவிட முந்தி உள்ளே போனவள், இருபது வருடம் முடியமுன் மறுபடியும் வெளியே தள்ளப்பட்டாள். 1952 தேர்தலன்று அவள் வழக்கம்போல மலையில் கொழுந்து பறித்திருப்பாள். அவளைப் பற்றி அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஓர் ஊர்வலமாவது போயிருந்தால் என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். அக்னஸ் டி சில்வாவின் பதிலைச் சொல்ல எங்களில் ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

இதனால்தான் 2019இல் அந்தக் கூட்டத்துக்குள் நான் எங்கள் முகங்களைத் தேடினேன். பேர்ணிலும் சூரிச்சிலும் பாசலிலும் நாங்கள் பல்லாயிரம் பேர் வாழ்கிறோம். ஊர்வலம் போகத் தெரியாதவர்களும் இல்லை. ஜெனீவாவுக்குப் போகும் நாட்களில் மாநிலம் தோறும் பஸ் பிடிப்பார்கள். யார் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவது, யார் சோற்றுப் பார்சல் கட்டுவது என்பதெல்லாம் முதல்நாளே முடிவாகிவிடும். பெண்கள் முன்வரிசையில் பதாகை பிடிப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்த அம்மாக்களின் படங்களை ஏந்தி நின்றவர்களும் இவர்கள்தான். ஜூன் 14இல் கூட்டம் பெரிதாக இருந்ததால் கண்ணில் படாமல் போனார்களோ தெரியாது. நான் கண்டது மிகச் சிலரைத்தான்.

ஏன் வரவில்லை என்பதை எனக்குத் தெரிந்த ஓர் அக்காவை வைத்துச் சொல்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பி ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்வார். பிறகு மூன்று வீடுகளில் மாறி மாறி வேலை. பின்னேரம் மறுபடியும் அலுவலகம். எல்லாம் தனித்தனி முதலாளிகள். ஓய்வூதியத்தின் இரண்டாம் தூணாகிய பென்ஷன் நிதியில் கட்டாயமாகச் சேர்க்கவேண்டுமானால், ஒரே முதலாளியிடம் வருடத்துக்கு 21,330 பிராங்குக்கு மேல் உழைத்திருக்கவேண்டும். 2019இன் விதி அது. அக்காவின் சம்பளங்களைக் கூட்டினால் அந்தத் தொகையைத் தாண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூடத் தாண்டாது. தனியார் வீட்டு வேலைக்குச் சுவிஸ் தொழிற்சட்டமே பொருந்தாது. வேலை நேரம், ஓய்வு பற்றிய அதன் பாதுகாப்பு அந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. இப்படி வேலைசெய்யும் ஒருத்தி வேலையை நிறுத்தினால், அது வேலைநிறுத்தம் என்று யாருக்கும் விளங்காது. வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறு ஆளை எடுப்பார்கள்.

கணவனின் அனுமதியோடு ஒட்டிய வதிவிட அனுமதியில் இருப்பவர்களின் கதை இன்னொன்று. அவர்கள் வீட்டுக்குள் அடிபட்டாலும் விசாவை நினைத்து வாயை மூடியிருப்பார்கள். இந்த விடயத்தை எங்கள் சங்கங்களில் கதைக்கத் தொடங்கினால் "நாட்டுப் பிரச்சினை இருக்கேக்கை இதென்ன" என்று யாராவது கையமர்த்துவார்கள். நாட்டுப் பிரச்சினை முடிந்தபிறகு என்று எத்தனையோ விடயங்கள் எங்கள் பெண்களுக்காகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. சுவிஸ் பெண்களுக்கும் முதலில் யுத்தம் முடியட்டும், முதலில் முதியோர் காப்புறுதி வரட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதியோர் காப்புறுதி 1948இல் வந்தது. வாக்கு வர அதற்குப் பிறகும் 23 வருடம் எடுத்தது. இந்தக் கணக்கை எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

என் மகளிடம் சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது. 2022 செப்ரெம்பர் வாக்கெடுப்புக்கான தபால் உறை அவள் பெயருக்கு வந்தது. பெண்களின் ஓய்வு வயதை 64இலிருந்து 65ஆக உயர்த்துவதா என்பது கேள்வி. அவளுக்கு ஓய்வு வயது இன்னும் நாற்பது வருடத்துக்கு அப்பால். எனக்கோ முழங்கால் இப்போதே நோகிறது. விளக்கக் கையேட்டை மேசையில் விரித்துவைத்து இரண்டு பேரும் வாசித்தோம். சம்பளம் சமமாகாமல் வயதை மட்டும் சமப்படுத்துவது அநியாயம் என்று நான் சொன்னேன். காப்புறுதி நிதியைப் பற்றி அவள் எதிர்க்கேள்விகள் கேட்டாள். வெகுநேரம் தர்க்கித்தோம். கடைசியில் "அம்மா, இது உங்கடை வாக்கு. நான் எழுதிறன்" என்று சொல்லி 'இல்லை' என்று எழுதினாள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும். மூதாட்டிக்குக் கிடைக்காதது அது. 50.5 சதவீதம் 'ஆம்' என்று முடிவு வந்தது. பெண்களில் பெரும்பான்மை 'இல்லை' என்றும் ஆண்களில் பெரும்பான்மை 'ஆம்' என்றும் வாக்களித்திருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

2023 ஜூன் 14 ஒரு புதன்கிழமை. புதன் பின்னேரம் சுவிஸ் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு அன்று தமிழ் வகுப்பு. நான் உறவுக்காரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுத் தாய்மார் வாசலில் நின்று கதைப்பது வழக்கம். அந்த அக்காவும் பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. "உது என்னத்துக்கு?" என்றார். சொன்னேன். சம்பளம், ஓய்வூதியம், பராமரிப்பு வேலை என்று ஒவ்வொன்றாக.

"பென்ஷன் காசைப் பற்றியும் அங்கை கதைக்கினமோ?"

"ஓம் அக்கா."

"வீட்டுவேலை செய்யிற ஆக்களின்ரை பென்ஷனைப் பற்றி?"

அதைப் பற்றிக் கதைப்பார்களோ தெரியாது என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தார். வகுப்பு முடிய நேரமிருந்தது. "அப்ப ஆரெண்டாலும் போய்ச் சொல்லத்தானே வேணும்," என்று நடக்கத் தொடங்கினார். வாசலில் நின்ற வேறு சில தாய்மாரும் எங்களோடு வந்தார்கள்.

ஊர்வலம் சேரும் இடத்தில் சிறிய மேடையொன்று போட்டு, விரும்பியவர்கள் பேசலாமென்று விட்டிருந்தார்கள். அக்கா வரிசையில் நின்றார். நான் மொழிபெயர்க்கவா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். மைக்கைப் பிடித்து, இலக்கணம் பாராத ஜேர்மனில், தான் எத்தனை வீடு துடைக்கிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், ஒவ்வொரு முதலாளியும் எவ்வளவு தருகிறார் என்று தொகை தொகையாகச் சொன்னார். வருத்தமென்று படுத்தால் சம்பளம் இல்லை என்றார். இருபது வருடம் இந்த நாட்டைத் துடைத்தேன், பென்ஷன் பூச்சியம் என்றார். கீழே நின்றவர்கள் விசில் ஊதத் தொடங்கினார்கள். நேரம் முடிந்ததென்று ஓர் இளம் பெண் பக்கத்தில் வந்து மைக்குக்குக் கை நீட்டினாள். அக்கா அவள் தோளில் தட்டிவிட்டு, விசாவைப் பற்றியும் ஒரு விடயம் சொல்லவேண்டியிருக்கிறது என்று அடுத்ததைத் தொடங்கினார்.